சம்பந்தி ஊருக்கு ஆட்சேபம் இல்லை

எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று யாராவது சொன்னால் என் மாமனாருக்குக் கோபம் வந்துவிடும். "கடல் இன்னா பண்ணும்? அது பாட்டுக்கு வந்துச்சி. நாமதான் வாயத் தொறக்கல" என்பார். எங்கள் மீனவர் குப்பத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர் அவர். ஊரில் யார் வீட்டுச் சண்டையானாலும் அவர் வாயைத் திறந்தால்தான் முடியும். அப்பேர்ப்பட்டவர் திறக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் நான். நான் ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன், அவ்வளவுதான்.

நான் பிறந்த குப்பமும் புகுந்த குப்பமும் புதுச்சேரிக் கடலோரத்தில் அடுத்தடுத்து இருப்பவை. தெற்கே பிறந்த ஊர், அதை ஒட்டி வடக்கே புகுந்த ஊர். அம்மா இறால் குழம்பு வைத்தால் சூடு ஆறுவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். என் நாத்தனாரை, அதாவது மாமனாரின் ஒரே மகளை, எங்களுக்கும் வடக்கே அடுத்த ஊரில் கொடுத்திருந்தது. அந்த ஊர் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. சாலையில் போனால் சாராயக் கடைகள் முடிகிற இடத்தில் எல்லை தெரியும். கரை வழியாக நடந்தால் ஒன்றும் தெரியாது. நாத்தனார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மணல் வழியாகவே வந்து போவாள்.

கல் விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலை கொஞ்சம் எடுக்கும், தெற்கேயிருந்து வருகிற மணல் அதை நிரப்பும். நடுவில் ஓர் ஊர் கருங்கல்லைக் கடலுக்குள் கொட்டிச் சுவர்போல நீட்டிவிட்டால் மணல் அங்கேயே தங்கிவிடும். அந்த ஊர் பிழைத்துக்கொள்ளும். அதற்கு வடக்கே இருக்கிற ஊருக்கு அலை மட்டும் வரும், மணல் வராது. இதில் ரகசியம் ஏதும் இல்லை. வலை இழுக்கிறவர்களுக்கும் தெரியும், அனுமதி கொடுக்கிற அதிகாரிகளுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் கல் கொட்டுவதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று போடுகிறார்கள். வேண்டும் என்பவர்கள் சொல்லலாம், வேண்டாம் என்பவர்களும் சொல்லலாம்.

முதலில் தேய்ந்தது என் பிறந்த ஊர்தான். எங்களுக்குத் தெற்கே யாரோ எப்போதோ கல் போட்டதன் பலன். என் அண்ணன் வீட்டு வாசற்படியில் அலை ஏறியது. ஒரு புயல் நாளில் அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். அண்ணன் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செயலாளர். படித்தவன், ஆபீஸ்களில் பேசத் தெரிந்தவன். அவன் எந்த அதிகாரியைப் பார்த்தாலும் கல் வேண்டும் என்று கேட்டான். கேட்காமல் என்ன செய்வான்? நானும்தான் கேட்டிருப்பேன்.

அண்ணனுக்கு நடுவில் ஒரு துணை கிடைத்தது. கடற்கரை விடுதிக்காரர்களின் சங்கம். என் பிறந்த ஊரை ஒட்டி அவர்களுடைய புல்தரைகளும் நீச்சல் குளங்களும் இருந்தன, அலை அவற்றையும் தொட ஆரம்பித்திருந்தது. மீனவ மக்களின் குடிசைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் மனு கொடுத்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"தெரியும். அவனுங்களுக்குப் புல்லு, எனக்கு வூடு. யாரு கூட சேந்து கேட்டா இன்னா, கல்லு ஒண்ணுதான?" என்றான்.

"எங்க ஊரு போயிடும்ணே."

அவன் காபி ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு, "உன் மாமனாரு கூட்டத்துல எழுந்து வேணாம்னு சொல்லட்டும். நான் ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டேன்" என்றான்.

அண்ணன் அப்படிச் சொன்னதை நான் மாமனாரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க அண்ணன் நெனச்சிக்க மாட்டாரும்மா. ஊரு நெனச்சிக்கும்" என்றார்.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்து எடுத்த ஊர்களுக்குள் சண்டை வரும், வலை அறுத்துக்கொள்வார்கள், கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எல்லாம் நடக்கும். ஆனால் வெளி ஆள் முன்னால் ஒரு ஊரை இன்னொரு ஊர் எதிர்த்துப் பேசாது. போலீஸ் முன்னால் பேசாது, சர்க்கார் முன்னால் பேசாது. சம்பந்தி ஊர் ஏதாவது கேட்டு நிற்கும்போது கூட இருப்பதுதான் மரியாதை. மனத்தாங்கல் இருந்தால் பிற்பாடு கோயில் வாசலில் இரண்டு ஊரும் உட்காரும். அங்கே கிழிகிழியென்று கிழித்துக்கொள்ளலாம். அங்கே பேசித் தீர்த்ததுதான் தீர்ப்பு.

அரசாங்கத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னதுதான் சொன்னது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

கூட்டம் நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் மாமனார் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் "மேரிக்குப் போறேன்" என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சியின் பெயர் அது, அவர் அப்பாவிடமிருந்து வந்த பேச்சு. அன்றைக்கும் மேரிக்குப் போகிறோம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். லாஸ்பேட்டையில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவரை என் ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

விடுதிச் சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். அதிகாரி உள்ளே வந்ததும் அவர்களில் இரண்டு பேரைப் பெயர் சொல்லி விசாரித்தார். அவர்கள் ஏற்கெனவே அவர் அறையில் உட்கார்ந்து பேசியவர்கள் என்று தெரிந்தது. ஒரு என்ஜினீயரை அழைத்து வந்திருந்தார்கள், அவர் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். நாங்கள் பின்னால் இருந்தோம். பின்வரிசையில் மின்விசிறி இல்லாததால் மாமனார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல மனிதர். படம் முடிந்ததும் அவரே எழுந்து, "இந்தக் கல் போட்டால் வடக்கே உள்ள ஊருக்குப் பாதிப்பு வரலாம். அந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கிறீர்களா? உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் இப்போது சொல்லுங்கள்" என்று கேட்டார். அப்போதுதான் என் அண்ணன் பேசி முடித்திருந்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்திருந்தது. மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

மாமனார் கைகூப்பினார். எழுந்திருக்கவில்லை.

"ஆட்சேபம் இல்லையா ஐயா?" என்று அதிகாரி மறுபடி கேட்டார். மாமனார் கூப்பிய கையை எடுக்கவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படித் தொட்டு இழுத்ததில்லை.

"உங்க அண்ணன் அழுதுனு நிக்கறாரு. நான் எழுந்து வேணாம்னு சொன்னா, நாளைக்கு உன்ன எந்த மூஞ்சோட உன் அம்மா வூட்டுக்கு அனுப்புவேன்?" என்றார் காதோரமாக. "கோயில்ல பேசிக்கலாம். உக்காரும்மா."

பிறகு உண்மையாகவே கோயிலில் பேசினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு ஊரும் உட்கார்ந்தன. கத்தினார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், கடைசியில் என் அண்ணன் ஊர் ஒப்புக்கொண்டது. கல்லைப் பாதி நீளத்தோடு நிறுத்திக்கொள்வது. மீதி மணல் வடக்கே போகட்டும், இரண்டு ஊரும் பாதிப் பாதி தேயட்டும், பிழைக்கட்டும். எந்த அரசாங்கமும் எந்த என்ஜினீயரும் சொல்லாத நியாயம் அது. என் மாமனார் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "பாத்தியா டீச்சர்? பேசினா தீராதது இன்னா இருக்குது?" என்று என்னைக் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்துபோய் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தேநீர் வரவழைத்தார். "இதை அன்றைக்கே மைக்கில் சொல்லியிருந்தால் நானே பாதியாகக் குறைத்திருப்பேன். எதிர்ப்பே இல்லை என்று பதிவாகி மேலே போய்விட்டது. இப்போது மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பித்த எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்றார். விண்ணப்பத்தில் விடுதிச் சங்கமும் இருந்தது. அண்ணன் அவர்களிடம் ஓடினான். பாதிக் கல் போட்டால் அவர்களுடைய புல்தரைக்குப் போதாதாம். அண்ணன் மன்றாடிப் பார்த்தான். அவர்களுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுத்த வீடும் இல்லை, எடுத்த வீடும் இல்லை. மறுத்துவிட்டார்கள்.

லாரிகள் வந்தன. கல் இறங்கும் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்டது. அண்ணன் ஊரில் மணல் ஏறியது. படகுகளை மறுபடி இழுத்துப் போட இடம் கிடைத்தது, அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் காயவைத்தாள். நான் போனபோதெல்லாம் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காகவே அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் மெதுவாகத்தான் போனது. முதலில் வலை பின்னுகிற கொட்டகை. பிறகு தென்னை, வேரெல்லாம் வெளியே தெரிய நின்று ஒரு நாள் சாய்ந்தது. கடலைப் பார்த்த வரிசையில் எங்கள் வீடு நடுவில் இருந்தது. மாமனார் மணல் மூட்டைகளை அடுக்கினார், மூட்டைகள் போயின. பெட்டி படுக்கையை எடுத்து வெளியே வைத்த பிற்பாடு, மத்தியான வெயிலில், முன் சுவர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அடுத்தது அவர்கள் வீடு என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அண்ணன் அன்றைக்கு ஓடிவந்தான். மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எழுந்திருங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்க ஊருக்காக நின்னீங்க" என்று அவனைத் தூக்கினார். எனக்கு அண்ணன் மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். எனக்குப் பள்ளி பக்கம். என் கணவர் விடியற்காலையில் பைக்கில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய், வேறொருவர் படகில் ஏறிக்கொண்டார். மாமனாருக்குத்தான் போக இடமில்லை. மொட்டை மாடியில் நின்று எப்போதாவது வந்து இறங்குகிற விமானத்தைப் பார்ப்பார். ஊர் அவரையே தலைவராக வைத்திருந்தது. எஞ்சியிருந்த வீடுகளைக் காப்பாற்ற எங்களுக்கும் கல் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. ஊர் முடிவு என்றால் தலைவர்தான் கேட்க வேண்டும். பல முறை ஆபீஸுக்கு அலைந்தார். அலைந்ததில் கூட்டத்துக்குத் தேதி வந்தது.

அந்தத் தேதி வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்குக் கல் போட்டால் அடுத்தது வடக்கு ஊர். அங்கே கடலைப் பார்த்த வரிசையில் இருப்பது அவருடைய மகள் வீடு.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவர் சம்பந்தியைப் பார்க்கக் கிளம்பினார், நாத்தனாரின் மாமனாரை. அவர்தான் அந்த ஊருக்குத் தலைவர். நாத்தனார் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும் என்றார். அவள் மீன் விற்கப் போயிருக்கும்போது நான்தான் கூட்டிப்போனேன்.

"சம்பந்தி, நான் அன்னிக்கு வாயத் தொறக்காம உக்காந்தேன், வூடு போச்சி. நீங்க அப்பிடி உக்காராதீங்க. மைக்க வாங்கி வேணாம்னு சொல்லுங்க. ஆபீசருக்கு அதான் வேணும். நான் உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

சம்பந்தி அவசரமாக எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்கே! உங்க ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்டுல வெளக்கேத்துது. அது பொறந்த ஊரு கல்லு கேட்டு நிக்கிது. நான் எழுந்து வேணாங்கறதா? நீங்க எங்களுக்கு அப்பிடிச் செய்வீங்களா?"

மாமனாரால் அப்படிச் செய்ய முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

"மாமா, இது மரியாதை பாக்கற எடம் இல்ல" என்று நான் சத்தம் போட்டேன். சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரு எங்களயும் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க போலருக்கே" என்றார். இந்த ஆண்களின் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர்களை வெறுக்கவும் முடியவில்லை.

அதே மண்டபம். அதிகாரி வேறு. இவரும் நல்லவர்தான். மாமனாரை மைக்குக்கு அழைத்தார்கள். ஊர் சொன்னதைச் சொன்னார். எங்களுக்குக் கல் வேண்டும், இத்தனை வீடு போய்விட்டது, இத்தனை வீடு மிச்சம். சொல்லி முடித்தும் அவர் மைக்கை விடவில்லை.

"ஐயா, இன்னொண்ணு. எங்களுக்குப் போட்டா வடக்க இருக்கிற ஊரு போயிடும். அவங்களுக்கும் சேத்தே போட்டுடுங்க. இல்லாட்டி எங்களுக்குப் பாதியாக் குறைச்சிப் போடுங்க. அவங்க வாயால சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்."

மண்டபத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். குறைத்துப் போடச் சொல்ல இவர் யார், ஊர் அப்படி முடிவு செய்யவில்லையே என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். அதிகாரி பொறுமையாக விளக்கினார். வடக்கே உள்ள ஊர் தமிழ்நாட்டில் வருகிறது, அங்கே கல் போட இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை, அவர்கள் தங்கள் மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் பாதிக்கப்படுகிறவர்கள் எந்த ஊரானாலும் இங்கே ஆட்சேபம் தெரிவிக்கலாம். மற்றவர்களுக்காக நீங்கள் தெரிவிக்க முடியாது, அவர்களே சொல்ல வேண்டும். வந்திருக்கிறார்களா?

சம்பந்தி நான்காம் வரிசையில் இருந்தார். மாமனார் மைக்குப் பக்கத்தில் நின்றபடியே அவரைப் பார்த்தார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி புன்னகை செய்தார். பிறகு கைகூப்பினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அதிகாரி மாமனாரிடம் வந்து கைகொடுத்தார். "நிறைய ஊர்ல இந்த மாதிரிக் கூட்டம்னா நாற்காலி பறக்கும் ஐயா. உங்க பக்கத்துல எதிர்ப்பே வரல. ரொம்ப நல்ல ஜனங்க நீங்க" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். மாமனார் அவருக்கும் கும்பிடு போட்டார்.

சம்பந்தி விடவில்லை. டவுன்வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போவதா, கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்துப்போனார். வீட்டு வாசலில் இறங்கும்போது மாமனாரிடம் மெதுவாகச் சொன்னார்: "மருமவளாண்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம் சம்பந்தி. எங்களுக்கும் சேத்துக் கல்லு வந்துடும்னு நெனச்சினு இருக்குது. பொறந்த ஊரு பொழச்சிக்குமேன்னு காலையிலேருந்து சந்தோசமா இருக்குது."

நாத்தனார் வாசலுக்கே ஓடிவந்தாள். அப்பா அவள் வீட்டுக்கு வந்து நாளாகியிருந்தது. பின்வாசலைத் திறந்துவைத்துக் கடல்காற்று வருகிற இடத்தில் பாய் போட்டாள். வஞ்சிரம் வாங்கிவைத்திருந்தாள். தட்டில் சோற்றைக் குவித்து, நடுத்துண்டாகப் பார்த்து அப்பாவுக்கு எடுத்துவைத்தாள்.

"கல்லு வந்துடுமாப்பா?"

"வந்துடும்."

"அப்பாடா, நம்ம ஊரு பொழச்சிச்சி" என்று இன்னொரு துண்டு வைத்தாள்.

மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுவதை நான் பார்த்தேன், சம்பந்தியும் பார்த்தார், பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னாப்பா, காரம் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டு நாத்தனார் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள்.

"ஆமாங்கண்ணு" என்றார்.